கொருக்குப்பேட்டையிலிருந்து தனியா ஸ்கூட்டியில், ஒரு நாள் முழுக்க ஓவியமும் சிற்பமும்: எந்த வரிசையில் போகலாம்?

கொருக்குப்பேட்டை_ஸ்கூட்டி:

வணக்கம். இவ்வளவு நாள் மத்தவங்க எழுதுறதைப் படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இப்ப எனக்கே ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்.

ராயபுரத்துல ஒரு லேப்ல வேலை பாக்கறேன். ரத்தம் எடுக்கறது, ஸ்லைடு போடறது, மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு உக்காந்திருக்கறது. எங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவுன்னு ஒண்ணு கிடையாது, வாரத்துல எந்த நாள் விழுதோ அதுதான். அடுத்த மாசம் அப்படி ஒரு நாளை எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். காலையில வண்டியை எடுத்தா ராத்திரிதான் வீடு. பொடிப்பொடியா இருக்கறதையே பாத்துப் பாத்துக் கண்ணு சலிச்சுப்போச்சு, பெருசா எதையாவது நிதானமா நின்னு பாக்கணும். ஓவியம், சிற்பம் இருக்கற இடங்களா தேடித்தேடிப் போகலாம்னு முடிவு பண்ணிட்டேன். கூட யாரும் வேணாம். யாரையாவது கூட்டிட்டுப் போனா, ஒரு படத்து முன்னாடி கொஞ்சம் நின்னாலே "போலாமா"ன்னு ஆரம்பிச்சிடறாங்க.

வீட்டுல சொன்னதுக்கு எங்க ஆயா, "செத்த காலேஜுக்கா போற? அதுக்கு எதுக்குடி ஒரு நாளு?"ன்னு கேக்குது. (வெளியூர்க்காரங்களுக்காக: எழும்பூர் மியூசியத்தை எங்க பக்கத்துப் பெருசுங்க அப்படித்தான் சொல்லும். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ்.)

நான் போட்டு வெச்சிருக்கற பட்டியல்: கோட்டை அருங்காட்சியகம், எழும்பூர், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம், முட்டுக்காடு தட்சிணசித்ரா, நேரம் இருந்தா மாமல்லபுரம். இதெல்லாம் ஒரே நாள்ல முடியுமா? எதை முதல்ல வெச்சுக்கலாம், எந்தக் கிழமை போகக்கூடாது? கலை பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, படிச்சது பி.எஸ்சி. தெரியாதவ போய் நின்னா எதைப் பாக்கணும்? பொண்ணு தனியா போறதுல ஏதாவது சிக்கல் இருந்தா அதையும் சொல்லுங்க.

பெரம்பூர்_பறவை:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான். எழும்பூருக்கும் சோழமண்டலத்துக்கும் தனியா போயிருக்கேன், ஒரு தொந்தரவும் இல்ல. "கூட யாரும் வரலையாம்மா?"ன்னு யாராவது கேப்பாங்க. "இல்ல"ன்னு சொல்லிட்டு நடந்துட்டே இரு, விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா அங்கயே அரை மணி நேரம் போயிடும். வார நாள்ல பத்து மணிக்கு மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்க பஸ்ஸுல வந்து இறங்குவாங்க, வரிசையா கையைக் கோத்துக்கிட்டு. அந்தக் கூட்டம் டைனோசர் பக்கம் திரும்பும்போது நீ செப்புத் திருமேனிப் பக்கம், அதான் உலோகச் சாமி சிலைங்க பக்கம் போயிடு.

ஷால் போட்டா நல்லா இழுத்துக் கட்டிக்கோ, ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) காத்துல பின்சக்கரத்துல சிக்கும். தண்ணி நிறைய எடுத்துக்கோ. மத்தபடி கிளம்பு.

வியாசர்பாடி_பேனர்:

தங்கச்சி, ஆறு இடம் எழுதியிருக்க. ஒரு நாள்ல ஆறையும் பாக்கலாம், டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறவரோட மூஞ்சியை. மூணா வெட்டு.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் நான் சொல்றதுல எவ்ளோ எடுத்துக்கறதுன்னு உனக்குத் தெரியும். சினிமா பேனர், கட்டவுட் வரைஞ்சவன். படத்தோட ஸ்டில்லு போட்டோ மேல பென்சில்ல கட்டம் போடுவோம், அதே கட்டத்தைப் பிளைவுட்ல பெருசாக்குவோம், சவுக்குக் கட்டையில சாரம் கட்டி ஏறி நின்னு ஒரே ஒரு கண்ணை ஆளுயரத்துக்கு வரைவோம். பக்கத்துல நின்னா அது கண்ணுன்னே தெரியாது, ஆரஞ்சும் நீலமுமா திட்டுத்திட்டா இருக்கும். ரோட்டுக்கு அந்தாண்ட போய்ப் பாத்தாதான் ஹீரோ முறைப்பான். அப்பால ஃப்ளெக்ஸ் வந்துச்சு, தொழில் போச்சு. இப்ப காசிமேட்டுல மீன்பிடி போட்டுக்குப் பேர் எழுதறேன், ஸ்கூல் செவுத்துல திருவள்ளுவர் போடறேன். மியூசியம் பக்கம் நான் ஒதுங்க ஆரம்பிச்சதே கையில வேலை இல்லாத காலத்துலதான். நீ சொல்ற ரூட்ல எக்ஸெல் வண்டியில தனியா போய்க்கினு வந்துக்கினு இருக்கறவன்.

கிழமை முதல்ல. வெள்ளிக்கிழமை எழும்பூரும் கோட்டையும் லீவு. செவ்வாய் தட்சிணசித்ரா லீவு. தேசிய விடுமுறை நாளும் வேணாம். புதன், வியாழன் பாத்துக்கோ.

எந்த வரிசைன்னு கேட்டியே, அதுக்கு வரேன். ஜிபிஎஸ்ஸு கிட்டக்க இருக்கறதை முதல்ல காட்டும். அதைக் கேக்காத. ஒரு கதையைப் புடிச்சுக்கினு அது போற வழியா வண்டி ஓட்டு. அந்தக் கதை ஆரம்பிக்கறதே நம்ம பக்கத்துலதான். 1850-ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரு பிராட்வேல சொந்தமா ஒரு ஓவியப் பள்ளி ஆரம்பிச்சாரு. ரெண்டு வருஷத்துல சர்க்கார் அதை எடுத்துக்கிச்சு. அதுதான் இன்னிக்குப் பெரியமேட்டுல, பெரியார் ஈவெரா சாலையில இருக்கற அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கேர்ந்து கிளம்புன ஆளுங்கதான் 1966-ல ஈஞ்சம்பாக்கம் போய் சோழமண்டலம்னு ஓவியருங்க கிராமம் போட்டாங்க. நீ ஓட்டப்போற ரோடும் அவங்க போன திசையும் ஒண்ணுதான்.

காலையில எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கமே போகாத, ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும். பழைய வண்ணாரப்பேட்டை உள்ளால புகுந்து, தங்கசாலை வழியா வந்து, கோட்டை. தலைமைச் செயலகமும் உள்ளயே இருக்கறதால வாசல்ல சோதனை உண்டு, அடையாள அட்டை கையில வெச்சுக்கோ. மியூசியம் மாடியில கவர்னருங்க, ராஜா, ராணின்னு ஆளுயர எண்ணெய் ஓவியமா மாட்டி வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் பாக்காத. ஒண்ணு பாரு, அதுல துணியைப் பாரு. மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரி விறைப்பா இருக்கும். வெல்வெட்டு மடிப்புலயும் ஜரிகையிலயும்தான் வரைஞ்சவன் தன் கை வேலையைக் காட்டியிருப்பான். எங்க தொழில்லயும் அப்படித்தான், மூஞ்சியை மாஸ்டர் போடுவாரு, ஆனா புடவை பளபளக்கலேன்னா தியேட்டர்காரன் துட்டு குறைப்பான்.

கீழே காரன்வாலிஸ் சிலை, திப்புவைப் போர்ல ஜெயிச்ச கவர்னர் ஜெனரல், வெள்ளைப் பளிங்கு. தாமஸ் பேங்க்ஸுன்னு லண்டன்ல ஒருத்தர் செதுக்கி, கப்பல்ல வந்தது. மேலே இருக்கற பெரிய மனுசனை விட்டுட்டு பீடத்துக்குக் குனி. திப்பு சுல்தானோட ரெண்டு பசங்களை 1792-ல பிணையா ஒப்படைக்கறதைப் புடைப்பா செதுக்கியிருக்கு. ஜெயிச்சவன் தன் சிலைக்கு அடியில எதைப் போடச் சொல்றான் பாரு. இதோட, 1947 ஆகஸ்டு 15-ல கோட்டையில ஏத்துன பட்டுக்கொடியும் அங்கயே கண்ணாடிக்குள்ள இருக்கு. ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது எழும்பூர். இங்கதான் உன் நாளே இருக்கு. மூணு மணி நேரம் ஒதுக்கு, ஆயா என்ன சொன்னாலும் சரி.

முதல்ல அமராவதி. ஆந்திராவுல கிருஷ்ணா நதிக்கரையில இருந்த பௌத்த ஸ்தூபியோட கல்லு. 1845-ல வால்டர் எலியட்டுன்னு ஒரு அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராசுக்கு அனுப்பிட்டாரு. அதுல நிறைய 1859-ல லண்டன் போயிடுச்சு, இன்னிக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் நாம எங்க போவப்போறோம், மீதி பஸ்ஸு தூரத்துல இருக்கே, பாரு. வட்டமா ஒரு கல்லு, நளகிரின்னு மதம் புடிச்ச யானையைப் புத்தர் அடக்கறது. ஒரே வட்டத்துக்குள்ள அந்த யானை ரெண்டு தரம் வரும். ஒரு பக்கம் ஆளைத் தூக்கி அடிச்சுக்கினு வருது, இந்தப் பக்கம் புத்தர் கால்ல மண்டி போட்டிருக்கு. நடுவுல ஜனம் சிதறி ஓடுது. மேலே ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாக்கறவங்களும் உண்டு. நம்ம தெருவுல சண்டை நடந்தா மாடியில எப்படிக் கூட்டம் கூடும், அச்சு அசல் அதே. ரெண்டாம் நூற்றாண்டுல ஒருத்தன் இதை உளியால சொல்லியிருக்கான். ரெண்டு ஸ்டில்லை ஒரே பேனர்ல சேக்கறதுக்கு நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பால செப்புத் திருமேனி. திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரி, இந்த ரெண்டு பேர்கிட்ட மட்டும் நில்லு. நடராஜரை எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீ பக்கவாட்டுக்கு வந்து நில்லு. எவ்ளோ ஆட்டம் ஆடினாலும் பாரம் மொத்தமும் ஊனுன ஒத்தக் கால்ல நேரா இறங்குது பாரு. சாரம் கட்டறவனுக்கு இதுதான் முதல்ல கண்ணுல படும். ரோதான்னு பிரான்ஸ் நாட்டுச் சிற்பி, உலகமே கொண்டாடுற ஆளு, இந்த மியூசியத்து நடராஜரைப் போட்டோவுல மட்டும் பாத்துட்டு ஒரு கட்டுரையே எழுதியிருக்காரு, 1921-ல அச்சாச்சு. இந்தியாப் பக்கமே வராதவரு. நாம இங்க பேசின் பிரிட்ஜ் தாண்டுனா பாத்துடலாம்.

அர்த்தநாரியை மட்டும் கொஞ்ச நேரம் கண்ணைப் பாதி மூடிக்கினு பாரு. ஆண் பக்கம் இடுப்பு வரைக்கும் கோடு எப்படி இறங்குது, பெண் பக்கம் எப்படி வளையுது, ரெண்டும் எந்த எடத்துல ஒட்டுதுன்னு தேடு. ஒட்டு கிடைக்காது. இதெல்லாம் தேன்மெழுகுல குங்கிலியம் கலந்து உருவம் செஞ்சு, வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு, அந்த வெத்து எடத்துல உலோகத்தைக் காய்ச்சி ஊத்தறது. அச்சை உடைச்சாதான் சாமி வெளிய வரும். அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாது. செஞ்சவன் பேரும் கிடையாது. பேனர்ல நாங்களாவது மூலையில பொடியா எங்க கம்பெனி பேரை எழுதிடுவோம்.

அதே வளாகத்துல செந்நிறக் கல்லுல ஒரு கட்டடம் கண்ணைப் பறிக்கும். ஹென்றி இர்வின் வரைபடம் போட்டு, நம்பெருமாள் செட்டியார் கட்டுனது, 1909-ல திறந்தாங்க. வெளியில நின்னு பாக்கவே ஒரு கால் மணி நேரம் குடு. ரவி வர்மா படங்களும் இந்த மியூசியத்தோட சேகரிப்புல இருக்கு. அன்னிக்கு எந்தக் கூடம் திறந்திருக்குன்னு டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கோ. ரவி வர்மா 1894-ல பம்பாய்ல சொந்தமா அச்சகம் வெச்சு சாமி படம் அடிச்சு வித்தவரு. நம்ம வீட்டுப் பூஜை அறையில லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இருக்கற மூஞ்சியில பாதி அவரு குடுத்தது. கேலண்டர்ல பாத்துப் பழகுனதை எண்ணெய் வண்ணத்துல பாக்கும்போது, நகை மேல வெளிச்சம் விழற எடத்தைக் கிட்டக்கப் போய்ப் பாரு. ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு தொடுகை. அவ்ளோதான் தங்கம்.

சாப்பாடு கட்டிக்கினு போனா மியூசியம் வளாகத்துலயே மரத்தடி உண்டு. உச்சி வெயில்ல ஓட்டாத, சாப்பிட்டுட்டு உக்காந்துட்டுக் கிளம்பு. கிரீம்ஸ் ரோடை நான் வெட்டிட்டேன். அங்க என்ன கண்காட்சி மாட்டியிருக்காங்களோ அதுதான் இருக்கும், இன்னொரு நாள் சாயங்காலம் வேலை முடிச்சுக்கூடப் போகலாம்.

எழும்பூர்லேர்ந்து வாலாஜா ரோடு புடிச்சு மெரினாவுக்கு வா. ரோடு கடற்கரையில முட்டற எடத்துல உழைப்பாளர் சிலை. நாலு பேர் பாறையை நெம்பறாங்களே, தினம் பஸ்ஸுல பாத்திருப்ப. அன்னிக்கு இறங்கிப் பாரு. 1959-ல வெச்சது. செஞ்சவரு தேவிபிரசாத் ராய் சௌத்ரி, நான் சொன்ன அந்தப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வர். கெண்டைக்கால் தசை, முதுகு நரம்பு, கட்டை பாறையில பதியற எடம், எல்லாத்தையும் சுத்தி வந்து பாரு. ஹார்பர்ல மூட்டை தூக்குனவர் எங்கப்பா. அந்த முதுகு பொய்யில்லைன்னு என்னால சொல்ல முடியும். டிக்கெட் இல்லாத மியூசியம் இது.

ராய் சௌத்ரிகிட்ட படிச்சவருதான் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் அப்பால அதே பள்ளிக்கு முதல்வர் ஆனாரு. படிச்சு முடிச்ச பசங்க படம் வரைஞ்சு வயிறு கழுவ முடியாதுன்னு வேற வேற வேலைக்குப் போறதைப் பாத்து, கைவினைச் சங்கம் ஒண்ணு சேத்தாங்க. பாத்திக் துணி அது இதுன்னு செஞ்சு வித்தாங்க. அந்தத் துட்டுல ஈஞ்சம்பாக்கத்துல மணல் காட்டை வாங்கி வீடு கட்டிக் குடியேறுனாங்க. பகல்ல வயித்துக்கு ஒரு வேலை, மீதி நேரம் தன் படம். இதை எங்க மாஸ்டருங்க யாராவது அப்பவே செஞ்சிருந்தா, ஃப்ளெக்ஸ் வந்தப்ப நாங்க ஆளுக்கொரு மூலையா சிதறியிருக்க மாட்டோம். சரி, அது என் வயித்தெரிச்சல், விடு.

எழும்பூர்லேர்ந்து சோழமண்டலம் சுமாரா இருபது கிலோமீட்டர். மெரினா, சாந்தோம், அடையாறு, திருவான்மியூர், ஈசிஆர். மெட்ரோ வேலைக்காக அங்கங்க ரோடு மாத்தி விட்டிருப்பாங்க, மூணு மணிக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி பாத்துக்கோ. மெட்ராஸ் கலை இயக்கம்னு சொல்ற, இந்தப் பள்ளியைச் சுத்தி வளர்ந்த ஓவியருங்க, சிற்பிங்களுக்குன்னே அங்க ஒரு அருங்காட்சியகம், 2009-ல திறந்தது. உள்ள போனதும் பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படத்தைத் தேடு. ஜாதகக் கட்டம், எண், எழுத்து மாதிரி கிறுக்கல், மீன் மாதிரி என்னமோ. எழுத்துதான், ஆனா ஒரு வரியும் படிக்க வராது. எனக்கு முதல்ல கோவமே வந்துச்சு. முப்பது அடி தூரத்துலேர்ந்து படிக்கணும்னு எழுத்தைப் பழகுனவன் நான், ஒரு சுழி குறைஞ்சா துட்டு வராது. இந்தாளு படிக்கவே முடியாதபடி எழுதி செவுத்துல மாட்டியிருக்காரேன்னு. ரொம்ப நேரம் நின்னேன். எழுத்தை அர்த்தத்துலேர்ந்து கழட்டிட்டா மிச்சம் கோடுதான். அந்தக் கோட்டுக்குத்தான் நான் காலம் பூரா கூலி வாங்கியிருக்கேன். நீ அந்தப் படத்தைப் பாத்துட்டு "எனக்குப் புரியல"ன்னு வெக்கப்படாத. புரியறதுக்கு அவரு ஒண்ணும் எழுதி வெக்கல.

கே. ராமானுஜம்னு ஒருத்தர், 1973-லயே சின்ன வயசுல போயிட்டாரு. பேனா மசியில மாளிகையும் பாம்புமா ஒரு கனவு உலகம். ஸ்லைடு பாக்கற கண்ணு உனக்கு இருக்கு, நீ அதுல என்னைவிட அதிகமா பாப்ப. எஸ். நந்தகோபாலோட உலோகச் சிற்பத்துலயும் கொஞ்சம் நில்லு. காலையில எழும்பூர்ல சாமியைப் பாத்துட்டு வந்த கண்ணுக்கு, தகட்டை வெட்டி ஒட்டி பற்ற வெச்ச இந்தச் சாமிங்க எங்கேர்ந்து வர்றாங்கன்னு யாரும் சொல்லாமலே தெரியும். வெளியில தோட்டத்துலயும் கல் சிற்பம் நிறைய கிடக்கு.

இத்தோட திரும்பு. தட்சிணசித்ராவும் மாமல்லபுரமும் தனித்தனி நாளு.

ஒற்றியூரான்:

பேனர் அண்ணன் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு சேர்க்கை மட்டும். வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர் ஏன் தெற்கே பார்த்தே தொடங்க வேண்டும்? அதிகாலையில் அருங்காட்சியகம் எதுவும் திறந்திருக்காது. திருவொற்றியூர் தியாகராசர் கோயில் திறந்திருக்கும். கொருக்குப்பேட்டையிலிருந்து அந்நேரத்தில் அரை மணி கூட ஆகாது.

ஆதிபுரீசுவரர் கருவறையை வெளியே சுற்றி வந்து பின்பக்கம் நில்லுங்கள். சதுரமாக முடியாமல் வளைந்து முடியும். யானை படுத்திருப்பதைப் பின்னாலிருந்து பார்த்தால் வரும் வடிவம், தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். கட்டியவர் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். செஞ்சவன் பேர் கிடையாது என்று அண்ணன் வருத்தப்பட்டார், எங்கள் ஊரில் கிடைக்கும்.

நீலாங்கரைக்குப்_போனவன்:

பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை, வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன். தட்சிணசித்ராவை வெட்டியதை நான் ஒத்துக்க மாட்டேன். சோழமண்டலத்திலிருந்து ஈசிஆரில் நேரே போனால் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், டூவீலருக்குச் சுங்கக் கட்டணமும் இல்லை. அவ்வளவு தூரம் வந்த பெண்ணைத் திரும்பு என்கிறீர்களே.

அங்கே இருப்பது சட்டத்துக்குள் மாட்டிய கலை இல்லை. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று பழைய வீடுகளை அதன் ஊரிலேயே பிரித்து, தூண் தூணாக எடுத்து வந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1996-ல் திறந்தார்கள், வளாகத்துக்கு வடிவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். செட்டிநாட்டு வீட்டுத் தூணைத் தொட்டுப் பார்க்கலாம், நெசவாளர் வீட்டுக்குள் தறி இருக்கும் குழியை எட்டிப் பார்க்கலாம். கலை தெரியாது என்று சொல்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் எது? என்னைக் கேட்டால் கோட்டையைத்தான் வெட்டுவேன். வெள்ளைக்காரத் துரைகளின் படம் பார்த்து நமக்கு என்ன ஆகணும்?

வியாசர்பாடி_பேனர்:

தம்பி, நான் அதை மட்டமா சொல்லல. அந்த வீடுங்களுக்குள்ள போனா திண்ணையில உக்காரணும், முற்றத்துல நிக்கணும். சாயங்காலம் நாலரைக்குப் போய் ஓடி ஓடிப் பாக்கற எடமா அது? மூடற நேரத்துக்கு முன்னாடி மணியடிச்சுத் துரத்துனா அவ அந்த எடத்தையே வெறுத்துடுவா. செவ்வாய் தவிர எந்த நாளாவது காலையிலயே போனாதான் அதுக்கு மரியாதை.

கோட்டையை ஏன் வெக்கறேன்னா, அதைப் பாத்துட்டு எழும்பூர் போனாதான் வித்தியாசம் உறைக்கும். ஆர்டர் குடுத்தவன் மூஞ்சியை வரையறது ஒரு வேலை. சோழன் காலத்து ஸ்தபதிக்கும் ஆர்டர்தான், ஆனா அவன் செஞ்சது வேற. சோழமண்டலத்துல ஆர்டரே கிடையாது. இந்த மூணையும் ஒரே நாள்ல பாக்கறதுக்குத்தான் இந்த ரூட்டு.

ஒற்றியூர்த் தம்பி, அந்தத் தச்சன் பேரைப் போட்டதுக்கு ரொம்ப நன்றி. எனக்குத் தெரியாது. இந்த வாரமே வரேன்.

கொருக்குப்பேட்டை_ஸ்கூட்டி:

இவ்வளவு பதிலை நான் எதிர்பாக்கவே இல்ல. ஆயாவுக்குப் படிச்சுக் காட்டினேன். யானை ரெண்டு தரம் வர்ற கல்லைப் பத்திக் கேட்டுட்டு "அதை நான் பாக்கலியே"ன்னு சொல்லுது. ஆயாவைத் தனியா ஒரு நாள் ஆட்டோவுல கூட்டிட்டுப் போறதா சொல்லி சமாதானம் பண்ணியிருக்கேன், இந்தத் தடவை கிடையாது.

புதன்கிழமைன்னு வெச்சுக்கிட்டேன். காலையில ஒற்றியூர், அப்புறம் கோட்டை, எழும்பூர், உழைப்பாளர் சிலை, சோழமண்டலம். நீலாங்கரை அண்ணா கோச்சுக்காதீங்க, தட்சிணசித்ரா அடுத்த லீவுக்கு.

பேனர் அண்ணா, ரெண்டு சந்தேகம். ஒண்ணு, குறிப்பு நோட்டு எடுத்துட்டுப் போகவா, இல்ல போன்ல போட்டோ எடுத்தா போதுமா? ரெண்டாவது, திரும்பும்போது இருட்டிடும். கடற்கரை ரோடு வழியாவே வரலாமா?

வியாசர்பாடி_பேனர்:

போட்டோ எடுக்க விடற எடத்துல எடு, கேட்டுட்டு எடு. ஆனா ஒரு பென்சிலும் கோடு போடாத நோட்டும் வெச்சுக்கோ. படம் வரையத் தெரியணும்னு இல்ல. நடராஜர் முன்னாடி நின்னு ஊனுன காலையும் தூக்குன காலையும் மட்டும் ரெண்டு கோடா இழுத்துப் பாரு. கோணலா வரும், வரட்டும். கை ஒரு தரம் இழுத்துப் பாத்துட்டா கண்ணு தானா கவனிக்கும். பேனா வேணாம், மசி கசிஞ்சா வாட்ச்மேன் முறைப்பாரு.

திரும்பும்போது காமராஜர் சாலை, போர் நினைவுச் சின்னம், ராஜாஜி சாலைன்னு நேரா வா, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மாக்காரங்க அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போட்டிருப்பாங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு தட்டு அத்தோ, கூட வாழைத்தண்டு சூப்பு. காரத்தைக் குறைச்சுப் போடச் சொல்லு, இல்லேன்னா கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடியிருக்கறப்ப தண்ணி தேடி நிப்ப.

பெரம்பூர்_பறவை:

கேட்டு மூடியிருந்தா அரை மணி நேரம் அங்கதான். நோட்டை எடுத்து வரை.